சிவப்பு மையில் திருத்திய வாக்கியம்

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வாக்கியம் என்னை விட்டு நீங்காமல் இருக்கிறது. நான்கே சொற்கள் கொண்ட ஆங்கில வாக்கியம். அதில் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. பிழையோடு என்னிடம் வந்த வாக்கியத்தைப் பிழையில்லாமல் ஆக்கித் திருப்பிக் கொடுத்தவள் நான்தான். அப்படித் திருத்தியதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருமுனையிலுள்ள ஒரு சிறிய மண்டபத்தின் மாடியில், மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கட்டணம் கிடையாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நெசவுக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள். சிலர் நூற்பாலையில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு வருவார்கள். 2023 மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் புதிதாக ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் கல்லூரிக்குப் போகும் முன் கொஞ்சம் ஆங்கிலம் பேசப் பழகிக்கொள்ளலாம் என்று வந்தார்கள். தேர்ச்சி பெறாதவர்கள் வீட்டில் இருக்க முடியாமல் வந்தார்கள். அந்த வாரங்களில் வீடு எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்களில் ஒருத்திக்குக் கணக்குப்பதிவியலில் மட்டும் ஆறு மதிப்பெண் குறைந்திருந்தது. அதிகம் பேசமாட்டாள். ஆனால் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். அன்றைக்குப் பாடம் ‘எ’, ‘ஆன்’ என்ற இரண்டு முன்சொற்கள். தமிழில் அவற்றுக்கு இணை இல்லாததால் நம் பிள்ளைகள் அவற்றை விட்டுவிடுவார்கள். அதைச் சரிசெய்யத்தான் அந்தப் பயிற்சி: தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். அவள் எழுதியிருந்தாள்: மை ஃபாதர் இஸ் வீவர். மை மதர் இஸ் ஹவுஸ்வைஃப். மை பிரதர் இஸ் டிரைவர். ஐ லைக் டிராயிங். ஐ ஆம் ஃபெயில்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். முப்பது நோட்டுகள் மேசையில் இருந்தன. ‘வீவர்’ என்பதற்கு முன்னால் ஒரு ‘எ’ சேர்த்தேன். ‘ஹவுஸ்வைஃப்’ முன்னால் ஒன்று. ‘டிரைவர்’ முன்னால் ஒன்று. நான்காவது வாக்கியத்துக்கு ஒரு டிக் போட்டேன். ஐந்தாவதுக்கு வந்ததும் அதே வேகத்தில் ஒரு ‘எ’ சேர்த்து, கடைசிச் சொல்லுக்கு வால் இணைத்து, முடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். ஐ ஆம் எ ஃபெயிலியர். என் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

திருத்திய வாக்கியங்களை எழுந்து நின்று மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும் என்பது என் வகுப்பின் வழக்கம். காதில் விழுந்தால்தான் நாக்குக்கு வரும் என்று நம்புகிறவள் நான். அவளும் எழுந்து படித்தாள். மை ஃபாதர் இஸ் எ வீவர், மூன்று முறை. மை மதர், மை பிரதர், மும்மூன்று முறை. பிறகு ஐந்தாவது வாக்கியம், அதுவும் மூன்று முறை. குரல் தழுதழுக்கவில்லை, கண் கலங்கவில்லை. உச்சரிப்பு நன்றாக இருந்தது. “வெரி குட்” என்றுகூடச் சொன்னேன்.

அன்றிரவு படுத்த பிறகு அந்த வாக்கியம் அவள் குரலில் என் காதுக்குத் திரும்பி வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ‘நான் ஒரு நெசவாளி’, ‘நான் ஒரு ஓட்டுநர்’ என்பதுபோல, ‘நான் ஒரு தோல்வி’ என்று ஒரு பதினேழு வயதுப் பெண்ணை மூன்று முறை சொல்லவைத்திருக்கிறேன். அவள் எழுதியதில் அது இல்லை. அவள் சொல்ல வந்தது, தேர்வில் தேறவில்லை என்பதுதான். ‘ஐ ஃபெயில்ட்’ என்று திருத்தியிருக்க வேண்டும். இரண்டு சொல். ‘எ’ பாடம் நடத்திய நாளில் என் கண்ணுக்கு ‘எ’ மட்டுமே தெரிந்தது.

மறுநாள் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வந்தாள், வகுப்பு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எல்லார் முன்னிலையிலும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று விட்டேன். மூன்று நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அந்த வாக்கியத்தால்தான் நின்றாள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வீட்டில் தறி வேலைக்கு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் அப்படி ஒரு காரணத்தைத் தேடி என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

வினைச்சொல் இல்லாத வாக்கியம்

அவள் ஏன் ‘ஐ ஆம் ஃபெயில்’ என்று எழுதினாள் என்பது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எவருக்கும் தெரியும். தமிழில் பெயரே பயனிலையாக நிற்கும். ‘அவர் நெசவாளர்’ என்றால் போதும். நடுவில் ஒன்றும் வேண்டாம். ‘ஃபெயில்’ நம் வீட்டுக்குள் வந்தபோது அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது. ‘மூத்தவள் பாஸ், இளையவள் ஃபெயில்’ என்று சொல்கிறோம். ‘ஃபெயில் ஆகிவிட்டாள்’ என்றும் சொல்வது உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது, கல்யாண வீட்டில் விசாரிக்கும்போது, வாயில் வருவது அந்தக் குட்டை வடிவம்தான். அதில் வினைச்சொல் இல்லை, ஆகவே காலமும் இல்லை. எப்போது நடந்தது, எதில் நடந்தது, முடிந்துவிட்டதா, எதுவும் அதற்குள் கிடையாது. ஆளும் ஃபெயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

இதே விஷயத்துக்கு அரசுத் தேர்வுத் துறை எழுதும் தமிழைப் பாருங்கள். ‘தேர்ச்சி பெறவில்லை.’ எனக்கு அந்தச் சொற்றொடர்மேல் பெரிய மரியாதை உண்டு. அதில் ஒரு வினை இருக்கிறது. பெறவில்லை என்றால் இனி பெறலாம். தேர்ச்சி என்ற சொல்லிலும் வெல்வது தோற்பது கிடையாது. தேர்ந்து வருவது, கைவருவது என்ற பொருள்தான். அந்தத் தமிழை மதிப்பெண் பட்டியலோடு பள்ளியிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்கு ‘ஃபெயில்’ஐ மட்டும் எடுத்து வந்திருக்கிறோம்.

கல்லூரிப் பிள்ளைகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் ‘அரியர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது வாடகை பாக்கி, சம்பள நிலுவை போன்றவற்றைக் குறிக்கும் சொல். தேறாத தாளுக்கு அதை நம் ஊர்க் கல்லூரிகள் வைத்தன. ‘இரண்டு அரியர் இருக்கிறது’ என்று ஒரு பையன் சொல்லும்போது அது அவன் கையிலுள்ள கடன்; கட்டித் தீர்த்துவிட்டால் அவனை விட்டுப் போய்விடும். ‘நான் அரியர்’ என்று எவனும் சொல்லிக் கேட்டதில்லை. வைத்திருப்பான், எழுதுவான், முடிப்பான். எல்லாம் வினை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை யாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவளும் ஐந்தாவது வாக்கியத்தை ‘ஐ ஹேவ் ஒன் அரியர்’ என்று எழுதியிருப்பாள். நானும் டிக் போட்டிருப்பேன்.

சொல்லை மாற்றிவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தேர்வு முடிவில் ‘ஃபெயில்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘எசென்ஷியல் ரிபீட்’ என்று போட ஆரம்பித்தது. நல்ல எண்ணம். ஆனால் கூர்மை மழுங்கிய சொல்லும் முழுப் பெயர்போல ஒருவர்மேல் ஒட்டிக்கொள்ளக் கூடியதுதான். நான் பார்ப்பது சொல்லின் கடுமையை அல்ல, வாக்கியத்தில் அது எங்கே உட்கார்கிறது என்பதை.

கரும்பலகைப் பொன்மொழிகள்

வெற்றி தோல்வி பற்றி ஆங்கிலத்தில் கலந்துரையாட வைப்பது எல்லா ஆங்கில வகுப்புகளிலும் உண்டு. நானும் பல ஆண்டுகள் செய்தேன். கரும்பலகையில் ‘தோல்வியே வெற்றியின் முதல் படி’ என்பதன் ஆங்கில வடிவத்தை எழுதிப் போடுவேன். எல்லாருக்கும் மனப்பாடம். கூடவே அப்துல் கலாம் கதையைச் சொல்வேன்: 1979 ஆகஸ்ட் 10, அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் புறப்பட்டு 317 நொடியில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர்கள் முன் நின்று பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனபோது பேசும் வாய்ப்பைக் கலாமிடம் கொடுத்தார். பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். “இப்போது உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்பேன். மண்டபம் மௌனமாகிவிடும். யாராவது ஒருத்தி எழுந்து கரும்பலகையில் உள்ளதையே திரும்பச் சொல்லி உட்கார்ந்துவிடுவாள்.

அந்த மௌனத்தைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன். சிவப்பு மை விவகாரத்துக்குப் பிறகு வேறு மாதிரி யோசித்தேன். ராக்கெட் விஞ்ஞானியின் தோல்விக்குப் பக்கத்தில் தன்னுடைய கணக்குப்பதிவியலை வைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? அந்தக் கதை முடிவு தெரிந்த பிறகு சொல்லப்படுகிற கதை. வென்ற பிறகுதான் தோற்றதைப் பேச அனுமதி கிடைக்கும் என்பதை நாங்கள் கதையோடு சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். மே மாதத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஜூலை 18 இன்னும் வரவில்லை.

அதே கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருந்தது. அந்த முதல் பயணத்தை இஸ்ரோ தன் குறிப்பில் ‘பார்ஷியலி சக்சஸ்ஃபுல்’ என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. ஓரளவே வெற்றி. கடலில் விழுந்த ராக்கெட்டுக்கு இப்படிச் சொல்வது மழுப்பல் என்று முதலில் தோன்றும். யோசித்தால், எது வேலை செய்தது எது செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்கிறவர்களின் மொழி அது. முதல் அடுக்கு சரியாக எரிந்தது. சிக்கல் இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில். ஆறு தாளில் ஐந்து தேறியவளுக்கும் இந்த மொழி பொருந்தும். நான் அதை அவளுக்குத் தரவில்லை.

அடுத்த கலந்துரையாடலில் கரும்பலகையை வெறுமையாக விட்டேன். “இந்த வாரம் வீட்டில் எது சரியாக வரவில்லை?” என்று மட்டும் கேட்டேன். தமிழிலேயே சொல்லலாம் என்றேன். கதவு திறந்துகொண்டது. மாவு புளிக்கவில்லை. பால் திரிந்துவிட்டது. கோலம் கோணிவிட்டது. தறியில் இழை அறுந்துபோய் அரைநாள் நின்றுவிட்டது. பாகு முறிந்துவிட்டது. விதைத்த மல்லி முளைக்கவில்லை. ஜாக்கெட்டின் கைப்பகுதி பிடிக்கிறது. சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஒன்று உறைத்தது: ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினைச்சொல். நம் மொழியில் பாலும் மாவும் பாகும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. எது எப்படிக் கெட்டது என்பது வினையிலேயே இருக்கிறது. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதும் பாதி அதிலேயே இருக்கிறது. இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். மாவு புளிக்காவிட்டால் காத்திருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் ‘ஃபெயில்’ அப்படி இல்லை. அது ஒரு பெரிய சாக்கு மூட்டை. பிரேக் பிடிக்காவிட்டாலும் ஃபெயில், சிறுநீரகம் செயலிழந்தாலும் ஃபெயில், வார்த்தை வராவிட்டாலும் ஃபெயில், மழை வராவிட்டாலும் ஃபெயில். மழையைப் பற்றிய இடம் மட்டும் எனக்கு வியப்பைத் தந்தது. நாம் ‘மழை பொய்த்துவிட்டது’ என்போம். விருதுநகர் மாவட்டத்தில் அந்தச் சொல்லை அறியாத குழந்தை இல்லை. ‘ஃபெயில்’ என்ற ஆங்கிலச் சொல் எந்த இலத்தீன் வினையிலிருந்து வந்ததோ, அதற்கும் ஏமாற்றுதல், பொய்த்தல் என்பதுதான் பொருள். எங்கோ இருந்த இரண்டு மொழிக்காரர்கள் நம்பியது நடக்காதபோது ஒரே விதமாக வருந்தியிருக்கிறார்கள். அன்று வகுப்பில் ‘த மான்சூன் ஃபெயில்ட்’ என்று எழுதி, “இதில் மழையைக் கெட்டது என்கிறோமா?” என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அடுத்த வருடம் பெய்யும் என்றாள் ஒருத்தி.

குறை என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களையும் அப்போதுதான் முறையாகச் சொல்லிக்கொடுத்தேன். ‘ஃப்ளா’ என்றால் பொருளுக்குள் இருக்கும் குறை. ‘ஸ்லிப்’ என்றால் கைதவறுதல். ‘செட்பேக்’ என்றால் போகிற வழியில் நேரும் பின்னடைவு. ‘ஃபால் ஷார்ட்’ என்றால் கொஞ்சம் எட்டாமல் போவது. ‘ஃப்ளா’வுக்குத் தமிழ் கேட்டபோது எல்லாரும் ஒரே குரலில் “டேமேஜ்” என்றார்கள். நெசவு ஊர் அல்லவா, ஒரு இழை விட்டுப்போன சேலைக்கு அதுதான் பெயர். “டேமேஜ் சேலையும் சேலைதான் மிஸ். விலைதான் குறையும்” என்றாள் பின்வரிசைப் பெண் ஒருத்தி. ‘இம்பெர்ஃபெக்ட்’ என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் தந்திருக்க முடியாது.

அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. ‘பெர்ஃபெக்ட்’ என்பதன் மூலப் பொருள் ‘முழுக்கச் செய்து முடித்தது’ என்பதுதான். நம் பிள்ளைகள் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்று காலங்களைப் படிக்கும்போது வருவது அந்தப் பொருள். குறையில்லாதது என்ற பொருள் அல்ல. தமிழ் இலக்கணத்தில் முடிந்ததற்கு வினைமுற்று என்றும் முடியாமல் இன்னொரு சொல்லுக்காக நிற்பதற்கு எச்சம் என்றும் பெயர் வைத்திருக்கிறோம். ‘படித்தாள்’ முற்று, ‘படித்து’ எச்சம். ‘படித்து’ என்ற சொல்லில் யாரும் குற்றம் கண்டதில்லை. அதற்கு அடுத்த சொல் வர வேண்டும், அவ்வளவுதான். ‘இம்பெர்ஃபெக்ட்’டை நான் இப்போதெல்லாம் எச்சம் என்றே பிள்ளைகளிடம் சொல்கிறேன். அகராதி ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

“இங்கிலீஷில் வழுவமைதி கிடையாதா?”

இதையெல்லாம் யோசித்துச் செய்துகொண்டிருந்தும் என் சிவப்புப் பேனா மாறவில்லை. பாடம் மாறியிருந்தது, திருத்தும் முறை அப்படியே இருந்தது. அதை மாற்றியது பத்தாம் வகுப்பு முடித்து வந்த ஒரு பெண் கேட்ட கேள்வி.

2023 ஆகஸ்ட் 23 மாலை. அன்று பாடம் நடக்கவில்லை. சந்திரயான்-3 இறங்குவதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி நான்கு நிமிடத்துக்கு அது நிலவில் இறங்கியபோது கீழே தெருவில் பட்டாசு வெடித்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மறுநாள் வகுப்பில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் முன்பு சொல்லியிருந்த ஒரு சொற்றொடரை எடுத்துக்கொண்டேன்: ‘ஃபெயிலியர் பேஸ்டு டிசைன்’. 2019-இல் இறங்கும்போது விழுந்துபோன சந்திரயான்-2ஐ, எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்குவது என்று வடிவமைத்தார்கள். இந்த முறை எதெல்லாம் தவறக்கூடும் என்று பட்டியலிட்டு, அப்போதும் இறங்குவது எப்படி என்று வடிவமைத்தார்கள். இறங்க வேண்டிய இடத்தை 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்பதிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். கால்களை வலுவாக்கினார்கள். எரிபொருள் கூடுதலாக வைத்தார்கள். “கொஞ்சம் தள்ளி இறங்கினாலும் தப்பில்லை என்று முதலிலேயே இடம் விட்டுவைத்தார்கள்” என்று தமிழில் விளக்கினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். “மிஸ், இது வழுவமைதி மாதிரி இல்லையா? இங்கிலீஷில் வழுவமைதி கிடையாதா?”

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்காகப் படித்ததோடு நானும் மறந்திருந்தேன். இலக்கணத்தோடு பொருந்தினால் வழாநிலை. பொருந்தாவிட்டால் வழு. பொருந்தாமல் இருந்தும், ஒரு காரணத்துக்காகச் சான்றோர் ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் திணை தவறுகிறது. பாசத்தில் சொன்னதால் ஏற்கிறோம். மகளை ‘வாடா ராசா’ என்று ஒரு தாய் கூப்பிட்டால் பால் தவறுகிறது, அதையும் ஏற்கிறோம். ‘நாளை வருகிறார்’ என்று சொல்லும்போது காலம் தவறுகிறது, செய்தித்தாள்களே அப்படி எழுதுகின்றன. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என்று காரணங்களையும் இலக்கணக்காரர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒரு மொழியின் சட்டப் புத்தகம் தவறுக்கு ஓர் இருக்கை ஒதுக்கிவைத்திருக்கிறது. சரி, தவறு என்ற இரண்டோடு நிற்காமல் மூன்றாவதாக ஒன்றைக் கண்டு அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது.

“கிடையாது” என்று சொல்லிவிட்டேன், யோசிக்காமல். கவிஞர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சலுகை உண்டு என்று ஏதோ சேர்த்துச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு நடந்தேன். வழுவமைதியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சலுகை அல்ல. வழுவா வழுவமைதியா என்று தீர்மானிக்க வேண்டுமானால், சொன்னவர் யார், யாரைப் பார்த்து, என்ன மனநிலையில் சொன்னார் என்று முதலில் பார்க்க வேண்டும். ‘வாடா ராசா’வை எழுத்தில் மட்டும் பார்க்கிறவனுக்கு அது வெறும் பிழை. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கிறவனுக்குத்தான் அது அமைதி. ‘ஐ ஆம் ஃபெயில்’ என்ற வாக்கியத்தை நான் முகம் பார்க்காமல் திருத்தினேன். அது வழுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வழுவில் ‘ஃபெயில்’ இன்னும் மதிப்பெண் பட்டியலில் அச்சான ஒரு சொல்லாகவே இருந்தது, ஆளுக்குள் நுழைந்திருக்கவில்லை. அதைத் திருத்தாமல் ஒரு நாள் விட்டிருந்தால் ஆங்கிலத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது. சரியான வாக்கியமாக ஆக்கினேன் பாருங்கள், அதுதான் உண்மையிலேயே தவறானது.

இதை என்னோடு முன்பு வேலை பார்த்த ஓர் ஆசிரியையிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் வழுவமைதி பார்ப்பாரா? ‘ஐ ஆம் ஃபெயில்’ என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நெசவுக் குடும்பத்துப் பெண்ணின் ஆங்கிலத்தில் ஒரு பிழை இருந்தால் உலகம் அதைப் பொறுத்துக்கொள்ளாது. பணக்கார வீட்டுப் பிள்ளையின் பிழையை அதே உலகம் சிரித்துக்கொண்டே கடந்துவிடும். ஆகவே திருத்தாமல் விடுவது என்னைப் பொறுத்தவரை கருணை ஆகாது. திருத்தத்தான் வேண்டும். எந்தப் பக்கமாகத் திருத்துவது என்பதில்தான் நான் கவனமாக இருக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துவருவதில்லை. எழுதியவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “இதில் என்ன சொல்ல நினைத்தாய்?” என்று தமிழில் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். முப்பது நோட்டுக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும்.

பில் போடும் மேசை

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். கூட்டம் தாங்கவில்லை. பில் போடும் மேசையில் என் முறை வந்தபோது, “மிஸ்!” என்று ஒரு குரல். நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான். கொஞ்சம் இளைத்திருந்தாள். கழுத்தில் கடையின் அடையாள அட்டை.

கை வேலையை நிறுத்தாமலே பேசினாள். அந்த ஜூனில் துணைத் தேர்வு எழுதவில்லையாம்; அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் தறியில் உட்கார வேண்டியிருந்ததாம். அடுத்த மார்ச்சில் தனித்தேர்வராக எழுதிக் கணக்குப்பதிவியலில் தேறிவிட்டாள். சித்தி வீட்டில் தங்கி இங்கே வேலை பார்க்கிறாள். பேசும்போதே விரல்கள் விலைச் சீட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு கூட்டலில் இயந்திரம் தள்ளுபடியைச் சேர்க்காமல் விட்டதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள்.

இரண்டு ஆண்டாக மனத்தில் வைத்திருந்ததைச் சொல்ல இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. ஆனாலும் சொன்னேன். “உன் நோட்டில் ஒரு வாக்கியத்தை நான் தப்பாகத் திருத்திவிட்டேன், தெரியுமா?”

“கடைசி வாக்கியமா மிஸ்?” என்றாள் உடனே. நான் தலையாட்டினேன். “அதில்தான் மிஸ் எனக்கு ‘எ’ எங்கே போட வேண்டும் என்று பிடிபட்டது. இங்கே வேலைக்குச் சேரும்போது மேனேஜர் ‘ஹூ ஆர் யூ?’ என்று கேட்டார். ‘ஐ ஆம் எ வீவர்ஸ் டாட்டர்’ என்று சொன்னேன். ‘எ’ விடவே இல்லை.” பிறகு புரியாமல் என்னைப் பார்த்தாள். “அது எப்படித் தப்பாகும்? கிராமர் சரிதானே மிஸ்?”

எனக்குப் பின்னால் நின்றவர் பையை மேசைமேல் வைத்துவிட்டார். அவளிடம் பேனா வாங்கி, என் பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினேன்: ஐ ஃபெயில்ட் அக்கவுண்டன்சி இன் 2023. அவள் பக்கம் நகர்த்தினேன். வாய்க்குள் ஒரு முறை படித்தாள்.

“இதில் ‘எ’ வராதா மிஸ்?”

“வராது. ‘ஆம்’ என்பதும் வராது.”

அடுத்தவரின் சேலைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இன்னொரு முறை அதைப் படித்தாள்.